வளைந்து கொடுக்கும் விதிகள்

பாலை நிலத்தில் ஒரு கயோட்டி ஓடுகிறது. நாய்க் குடும்பத்தைச் சார்ந்த அவ்விலங்கு, தனக்கு முன்னே விரையும் ரோட் ரன்னர் என்னும் பறவையைத் துரத்துகிறது. பாறையின் விளிம்பு முடிந்த பின்னும் வெறும் வெளியில் ஓடுகிறது, நிற்கிறது, கீழே நோக்குகிறது. அதன் பின்னரே விழுகிறது. இவ்விணை, சக் ஜோன்ஸ் இயக்கிய அமெரிக்க அசைவூட்டப் படத்தில் 1949ஆம் ஆண்டு அறிமுகமாயிற்று.

இயற்கையில் நிகழ்வது என்ன? ஓடி வந்த பொருள் விளிம்பைக் கடந்த கணமே புவியீர்ப்பு அதனைக் கீழே இழுக்கத் தொடங்கும். முன்னோக்கிய வேகமும் உடனே மறையாது. எனவே அப்பொருள் வளைந்த பாதையில் விழும். காற்றின் தடையைக் கருதாவிடில், முதல் நொடியில் ஏறத்தாழ 4.9 மீட்டரும், இரண்டு நொடிகளில் 19.6 மீட்டரும் வீழ்ந்திருக்கும். விழுபவர் கீழே பார்த்தாரா என்று புவி வினவுவதில்லை.

அவ்வாறாயின், ஓவியர் விதியை அறியாதவரா? இல்லை, நன்கறிந்தே அதனை ஒத்திவைக்கிறார். திரையில் ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடுகின்றன. கயோட்டி இரண்டு நொடிகள் அந்தரத்தில் நின்றால், வீழ்ச்சி 48 சட்டங்கள் தள்ளிப்போகிறது. அவ்விடைவெளியில், அது விழப்போவதை நாம் அறிவோம், அது அறியாது. நகைச்சுவை அங்கே பிறக்கிறது. பொருள்கள் கீழே விழும் என்பதை அறியாதவருக்கு அக்காட்சியில் சிரிக்க ஏதுமில்லை.

விதியை வளைப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. தரையில் மோதும் பந்தை ஓவியர் தட்டையாக்குவர், எழும்போது நீட்டுவர். ஆயினும் அதன் பருமன் மாறாதவாறு வரைவர். மாறினால் பந்து வீங்கியதாகவோ சுருங்கியதாகவோ தோன்றும். நம் இலக்கணம் கூறும் உயர்வு நவிற்சி அணியும் இத்தகையதே. ‘கண்ணீர் ஆறாய்ப் பெருகியது’ என்பது மிகை என உணர்ந்தே சுவைக்கிறோம்.

நசுங்கிய கயோட்டி அடுத்த காட்சியில் எழுந்து வரும். மொட்டைமாடிச் சுவரின்மேல் ஏறும் சிறுவனுக்கு அடுத்த காட்சி இல்லை. தம்பி தங்கையருடன் படம் பார்க்கையில் மனம்விட்டுச் சிரியுங்கள். எந்த விதி வளைந்தது என்பதையும் அவர்களுக்கு எடுத்துரையுங்கள்.

அருஞ்சொற்பொருள்
அந்தரம் – ஆதாரமற்ற நடுவெளி
பருமன் – கனஅளவு
மிகை – அளவுக்கு மேற்பட்டது

விடை எழுதுக
1. விளிம்பைக் கடந்த பொருள் வளைந்த பாதையில் விழுவது ஏன்?
2. கயோட்டியின் வீழ்ச்சி தாமதிப்பதால் நகைச்சுவை எவ்வாறு பிறக்கிறது?
3. உயர்வு நவிற்சி அணிக்குச் சொந்தமாக ஓர் எடுத்துக்காட்டு தருக.
4. நீவிர் கண்ட அசைவூட்டப் படம் ஒன்றில் வளைக்கப்பட்ட இயற்கை விதியை ஐந்து தொடர்களில் விளக்குக.