நிரந்தர ஜீவனாம்சம்: மொத்தத் தொகையா, மாதத் தொகையா?

மணவிலக்கு வழக்கு முடிவை நெருங்கும் வேளையில் இரு தரப்பினரும் பெரும்பாலும் களைத்துப் போயிருக்கின்றனர். ஏதேனும் ஒரு தொகையைப் பேசி முடித்துவிட்டால் போதும் என்னும் அந்த மனநிலையில்தான், எஞ்சிய வாழ்நாள் முழுமைக்குமான பொருளாதார முடிவு எடுக்கப்படுகிறது. சட்ட ஆலோசனை வழங்குவது வழக்கறிஞரின் பணி. அத்தொகைக்குப் பின்னுள்ள கணக்கையே நாம் இங்கே பார்க்கப்போகிறோம்.

இந்து திருமணச் சட்டம், 1955இன் 24ஆம் பிரிவு வழக்கு நடைபெறும் காலத்துக்குரிய இடைக்கால ஜீவனாம்சத்தைப் பற்றியது. 25ஆம் பிரிவு நிரந்தர ஜீவனாம்சத்தைப் பற்றியது. இவ்விரு பிரிவுகளின்கீழும் மனைவி மட்டுமன்றிக் கணவனும் கோரலாம். சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிறித்தவர்களுக்குரிய 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலும் நிரந்தர ஜீவனாம்ச உரிமை மனைவிக்கே உண்டு. இவையன்றி, தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத, மறுமணம் செய்துகொள்ளாத மணவிலக்கான பெண் எம்மதத்தவராயினும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் வழியாகவும் மாதத் தொகை கோர முடியும். முஸ்லிம் பெண்களுக்கும் இது பொருந்துமென உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் உறுதிப்படுத்தியது. பழைய 125ஆம் பிரிவே புதிய சட்டத்தில் 144ஆம் பிரிவாக இடம்பெற்றுள்ளது.

எவ்வளவு என்பதற்குச் சட்டத்தில் சூத்திரம் ஏதுமில்லை. கணவனின் நிகரச் சம்பளத்தில் 25 விழுக்காடு நியாயமானது என 2017இல் உச்ச நீதிமன்றம் கூறியது அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. ஆயினும் அது கட்டாய விதியன்று. 2020 நவம்பரில் வந்த தீர்ப்புக்குப் பின், இரு தரப்பினரும் தத்தம் சொத்துகளையும் கடன்களையும் வருமானத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். வங்கிக் கணக்கு அறிக்கைகள் அங்கேதான் முதன்மைச் சான்றாகின்றன.

இனி கணக்குக்கு வருவோம். நாற்பது வயதுப் பெண் ஒருவருக்கு 20 லட்சம் ரூபாய் மொத்தமாகக் கிடைப்பதாகக் கொள்வோம். கேட்பதற்குப் பெரிய தொகைதான். அதை 7 விழுக்காடு வட்டியில் வைப்பாக வைத்தால், முதலைத் தொடாமல் மாதம் சுமார் 11,600 ரூபாயே கிடைக்கும். குடும்பச் செலவுக்கு மாதம் 20,000 ரூபாய் எடுப்பாரானால், ஏறத்தாழ பன்னிரண்டரை ஆண்டுகளில் கணக்கில் ஒன்றும் எஞ்சியிராது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு அல்லது ஐம்பத்து மூன்று; புதிதாக வேலை தேடுவதற்குரிய வயதன்று. இதில் விலைவாசி உயர்வை நாம் இன்னும் சேர்க்கவே இல்லை.

மாதத் தொகைக்கும் அந்த அரிப்பு உண்டு. பணவீக்கம் ஆண்டுக்கு 6 விழுக்காடெனில், இன்று 20,000 ரூபாயில் நடக்கும் குடும்பத்துக்குப் பன்னிரண்டு ஆண்டுகளில் 40,000 ரூபாய் வேண்டும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் மாதம் 50,000 ரூபாய் என நிர்ணயித்ததோடு, இரண்டாண்டுக்கு ஒரு முறை 5 விழுக்காடு உயர்வையும் சேர்த்து ஆணையிட்டது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். எனினும் இதே உயர்வில் நம் 20,000 ரூபாய் பன்னிரண்டு ஆண்டுகளில் 26,800 ரூபாயை மட்டுமே எட்டும். ஆகவே தொகையைப் பற்றி வாதிடும் அளவுக்கு உயர்வு விகிதத்தைப் பற்றியும் வாதிட வேண்டும் என்பதே எங்கள் கருத்து. உயர்வே குறிப்பிடப்படாத ஆணையாயினும், சூழ்நிலை மாறினால் அதை மாற்றக் கோர 25ஆம் பிரிவு இடமளிக்கிறது; கொடுப்பவரும் கோரலாம், பெறுபவரின் மறுமணமும் காரணமாகலாம். ‘முழுமையான இறுதித் தீர்வு’ என்று எழுதிக் கையொப்பமிட்டு மொத்தத் தொகை பெற்றவர் மீண்டும் கோருவது எளிதன்று.

அப்படியாயின் மொத்தத் தொகையே வேண்டாமா? கொடுப்பவரின் வருமானம் நிலையற்றதாயின், அல்லது ஒவ்வொரு மாதமும் வசூலிக்க நீதிமன்றப் படியேற நேருமாயின், கைக்கு வந்த பணமே மேல். வரியிலும் வேறுபாடு உண்டு: மொத்தத் தொகையை மூலதன வரவாகவும், மாதத் தொகையை வரிக்குரிய வருமானமாகவும் நீதிமன்றங்கள் கருதியுள்ளன. மொத்தத் தொகையை வைப்பில் இட்டுப் பெறும் வட்டிக்கு வரி உண்டென்பதை மறக்கலாகாது. மாதத் தொகையைத் தேர்பவர்கள், அதற்குப் பிணையாகக் கொடுப்பவரின் அசையாச் சொத்தின்மீது பொறுப்புரிமை ஏற்படுத்துமாறு நீதிமன்றத்தைக் கேட்கலாம். சட்டம் தெளிவாக அனுமதிக்கும் இவ்வழியைப் பலர் அறிந்திருப்பதில்லை.

கொடுப்பவர் ரொக்கமாகத் தராமல், குறித்த தேதியில் தானாகப் பணம் செல்லுமாறு தம் கணக்கில் நிலை அறிவுறுத்தல் கொடுத்துவிடுவது நல்லது. கொடுத்ததற்கும் பெற்றதற்கும் பின்னாளில் அதுவே சான்று. தீர்ப்பு வந்தபின் இருவரும் தத்தம் கணக்குகளின் நாமினி பதிவைப் பார்த்துக்கொள்வதும் அவசியம். மணவிலக்கால் அப்பதிவு தானாக மாறிவிடாது. சேர்ந்து வாங்கிய வீட்டுக் கடனும் அத்தகையதே. ‘தவணையை இனி அவரே செலுத்துவார்’ என உடன்படிக்கையில் எழுதியிருந்தாலும், கடன் ஒப்பந்தம் வங்கியில் முறைப்படி மாற்றப்படும் வரை தவறிய தவணைக்கு இருவருமே பொறுப்பு. எனவே உடன்படிக்கையில் கையொப்பமிடுவதற்கு முன்பே கடன் கணக்குள்ள கிளையை அணுகிக் கேட்டறிவது உதவும்.