இழுக்க முடியாத கொள்ளி

அன்புள்ள பெறாமகளுக்கு,

ஜேர்மனியின் சாவர்லாந்து மலைக் கிராமத்தில் நீ வாங்கிய வீட்டில் விறகு பொயிலர் இருக்கிறது என்று கேட்ட நாளிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. நீ எண்ணெய் பொயிலர் வீட்டில் வளர்ந்த பிள்ளை. கரண்ட் போனால் அது தானாக நின்றுவிடும். விறகு நிற்காது.

எரிகிறதை இழுத்தால் கொதிக்கிறது அடங்கும் என்று ஊரில் சொல்வோம். அப்பம்மாவின் அடுப்பில் கொள்ளியை இழுத்ததும் உலை அடங்கியது. பொயிலரில் இருபது கிலோ விறகை அடுக்கிக் கதவை மூடினால் அது எரிந்துதான் தீரும். தெர்மோஸ்டாட்டைக் குறைத்தால் உள்ளே போகும் காற்று குறையும், அவ்வளவுதான். ஆகவே எத்தனை பாகையில் வைப்பது என்று கேட்குமுன், அந்தச் சூடு எங்கே போய்ச் சேரும் என்று பார்.

காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோவாட் மணி சூடு தரும். 1000 லீட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து 80 பாகைக்கு ஏற்ற 58 கிலோவாட் மணி வேண்டும். இருபது கிலோ விறகு ஒரு பெரிய தாங்கித் தண்ணீரையே சூடாக்கிவிடும், பார். ஜேர்மன் சட்டம் புதிய விறகு பொயிலருக்குப் பொதுவாகக் கிலோவாட்டுக்கு 55 லீட்டராவது சேமிப்புத் தாங்கி கேட்பது அதனால்தான். தாங்கி ஏற்கெனவே சூடாக இருந்தால் விறகு போடாதே.

பயந்த ஆட்கள் பொயிலரை 50 பாகையில் வைப்பார்கள். அது பத்திரம் இல்லை. குளிர்ந்த இரும்பில் புகையின் ஈரம் வியர்த்துத் தாராகப் படியும், இரும்பு அரிக்கும், புகைபோக்கியில் படிந்த தார் ஒருநாள் தீப்பற்றும். திரும்பி வரும் தண்ணீர் 60 பாகைக்குக் கீழே போகாதபடி கலவை வால்வு பார்த்துக்கொள்ள வேண்டும். பொயிலர் சூடேறும்வரை பம்ப் ஓடக்கூடாது. மேலே போகும் தண்ணீரை 80 பாகையளவில் வை; உன் பொயிலரின் கையேடு வேறு எண் சொன்னால் அதையே கேள். அதிசூட்டுப் பாதுகாப்பு துண்டித்தால், காரணம் தெரியாமல் பொத்தானை அமுக்கித் திரும்ப ஓடவிடாதே.

இதெல்லாம் கரண்ட் இருக்கும்வரை. அது போனால் பம்ப் நிற்கும், உள்ளே தணல் இருக்கும். அப்போது உன்னைக் காப்பது வெப்ப வெளியேற்று வால்வு: 95 பாகையளவில் தானாகத் திறந்து, பொயிலருக்குள் இருக்கும் சுருளில் பச்சைத் தண்ணீரை ஓடவிட்டுச் சூட்டைக் கானுக்குள் தள்ளும். அதற்குக் கரண்ட் வேண்டாம், ஆனால் தண்ணீர் வேண்டும். கிணற்றிலிருந்து மோட்டர் இறைக்கும் வீடென்றால் கரண்டோடு தண்ணீரும் போய்விடும்! இதைக் கவனிக்காத வீடுகளை நான் கண்டிருக்கிறேன். அந்தக் குழாயில் யாரும் தெரியாமல் மூடக்கூடிய வால்வும் இருக்கக்கூடாது.

அழுத்தம் கூடினால் திறக்கும் பாதுகாப்பு வால்வு தனி. அடைத்த பொயிலரில் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். எங்காவது வெடித்தால் அந்தக் கணமே ஆவியாகிச் சீறும். ஒழுகுகிறதென்று அந்த வால்வை அடைக்காதே. எந்த நிலையிலும் எரியும் விறகுமேல் தண்ணீர் ஊற்றாதே.

சனிக்கிழமை வருகிறேன். அதுவரை பற்றவைக்க வேண்டாம். வீட்டுக்கு வருவது ஊர்த் தண்ணீரா, கிணற்றுத் தண்ணீரா என்று பார்த்து வை.

அன்புடன்,
சித்தப்பா