அரிசியை யார் மேலே சுமந்தார்கள்? – செஞ்சிக் கோட்டையில் ஒரு வரலாற்று வகுப்பு

ஏழாம் வகுப்பு மாணவர்களைச் செஞ்சிக் கோட்டைக்குக் களப்பயணம் அழைத்துச் சென்றிருந்தேன். கையில் குறிப்பேடு, அதில் ஆண்டுகளும் அரசர் பெயர்களும். களஞ்சியத்தின் முன் நின்று, "இங்குதான் தானியம் சேமித்தார்கள்" என்று சொல்லிவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்ந்தேன். ஒரு மாணவி மட்டும் நகரவில்லை. ராஜகிரியின் உச்சியைக் காட்டி, "சார், மேலயும் ஒரு களஞ்சியம் இருக்குன்னீங்களே, அந்த அரிசியை யாரு தூக்கிட்டுப் போனாங்க?" என்று கேட்டாள்.

என் குறிப்பேட்டில் அதற்கு விடை இல்லை. வகுப்புக்குத் திரும்பியதும் அந்தப் பாடத்தை முதலிலிருந்து மாற்றி அமைத்தேன். அந்த அனுபவத்தையே இங்கே பகிர்கிறேன்.

மலையே மதில்

திண்டிவனம் – திருவண்ணாமலை சாலையில் விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி (சந்திராயன் துர்க்கம்) ஆகிய மூன்று குன்றுகள் முக்கோணமாக நிற்க, அவற்றை மதில்கள் இணைக்கின்றன. மதில்களின் மொத்த நீளம் ஏறக்குறைய 13 கிலோமீட்டர் என்பர். மூன்றில் உயரமான ராஜகிரி சுமார் 240 மீட்டர்.

கரும்பலகையில் மூன்று புள்ளிகளை வரைந்து இணைக்கச் சொல்லுங்கள். பிறகு, "எதிரி கீழ்க்கோட்டைக்குள் வந்துவிட்டால் என்ன நடக்கும்?" என்று கேளுங்கள். கீழ்க்கோட்டை வீழ்ந்தாலும் ஒவ்வொரு குன்றும் தனிக் கோட்டையாக நின்று போரிட முடியும் என்பதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

வாயில்களில் பாதை நேராகச் செல்வதில்லை. திரும்பித் திரும்பிச் செல்கிறது. யானையோ குதிரையோ வேகமெடுத்து வந்து கதவை மோத முடியாது. ராஜகிரி உச்சிக்குச் சற்று முன் பாறையில் ஆழமான பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. அதன்மீதிருந்த மரப்பாலத்தை அகற்றிவிட்டால் மேலே செல்ல வழியில்லை.

ஐந்நூறு ஆண்டுகள், பல கைகள்

உள்ளூர் வரலாற்று மரபு, கோட்டையின் தொடக்கத்தை 1190-ஐ ஒட்டி வாழ்ந்த ஆனந்தக் கோனுடன் இணைக்கிறது. பிறகு விஜயநகர ஆட்சியில் செஞ்சி நாயக்கர்கள் கோட்டையைப் பெரிதாக்கினர். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானியம் கைப்பற்றியது. 1677-ல் சிவாஜி வென்று அரண்களை வலுப்படுத்தினார். 1698-ல் முகலாயர்கள் வசமானது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு போரிட்டு இறந்த தேசிங்கு ராஜனின் கதை இன்றும் மக்கள் நாவில் வாழ்கிறது. 1750-ல் பிரெஞ்சுக்காரர்களும் 1761-ல் ஆங்கிலேயர்களும் கைப்பற்றினர்.

இந்த வரிசையை மனப்பாடம் செய்ய வைப்பதைவிடக் கட்டடங்களில் தேட வைப்பது நல்லது. நாயக்கர் கால வெங்கடரமணர் கோயில், சதத்துல்லா கான் பள்ளிவாசல், நடுமுற்றமும் கூம்பு முடி கொண்ட பல அடுக்குக் கோபுரமும் உள்ள கல்யாண மகால், வளைவுக் கூரைக் களஞ்சியங்கள் என எல்லாம் ஒரே வளாகத்தில் உள்ளன. புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவை என்று சொன்னால், போரில் தோற்ற ஊர் எதையெல்லாம் இழக்கிறது என்பதும் புரியும்.

ஏழு ஆண்டும் ஓர் இரவும்

பாடத்தின் மையமாக இந்தப் புதிரை வைத்தேன். 1689-ல் சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அவுரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையைத் தொடங்கினார். 1698-ல்தான் கோட்டை பணிந்தது. ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். ஆனால் 1750-ல் புஸ்ஸி தலைமையிலான பிரெஞ்சுப் படை இதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தது. மதிலும் மலையும் அவைதான். என்ன மாறியது?

மாணவர்கள் முதலில் "பீரங்கி" என்றார்கள். முகலாயர்களிடமும் பீரங்கி இருந்தது என்றேன். பிறகு விவாதம் வளர்ந்தது. 1690-களில் உள்ளே தண்ணீரும் தானியமும் இருந்தன: ராஜகிரியின் மேல் வற்றாத சுனை, அடிவாரத்தில் சக்கரக்குளம், செட்டிக்குளம். வெளியே சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படைகள் முகலாயர்களுக்கு வந்த உணவுப் பொருள்களைத் தடுத்தன. ஒரு கட்டத்தில் முற்றுகையிட்டவர்களே பசியால் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். 1750-லோ, வெளியே நடந்த போரில் தோற்று ஓடிவந்த படையைத் துரத்திக்கொண்டு பிரெஞ்சுக்காரர்கள் வாயில்வரை வந்துவிட்டனர். வாயிலை வெடிவைத்துத் தகர்த்து, அன்றிரவே மூன்று குன்றுகளிலும் ஏறினர். காவலிருந்தவர்கள் ஏற்கெனவே மனம் தளர்ந்திருந்தனர்.

கோட்டையைக் காப்பது கல் மட்டுமன்று. நீர், உணவு, வெளியிலிருந்து வரும் உதவி, உள்ளே இருப்போரின் உறுதி ஆகியவையும் சேர்ந்துதான் என்ற முடிவுக்கு வகுப்பே வந்து சேர்ந்தது.

ஒரு கணக்கு

மாணவியின் கேள்விக்குக் கணிதத்தின் வழியே சென்றோம். கோட்டையில் 1,000 பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என வைத்துக்கொண்டோம். நாளுக்கு 500 கிலோ. ஆண்டுக்கு 1,82,500 கிலோ. 50 கிலோ மூட்டையாக 3,650 மூட்டைகள். இது ஒரு கற்பனைக் கணக்குதான். ஆனால் ஒரு மூட்டையைப் படியேற்றப் பட்ட பாட்டை வீட்டில் பார்த்த பிள்ளைகளுக்கு அந்த எண் உடனே விளங்கியது. சுமந்தவர்கள், கல் உடைத்தவர்கள், குளம் வெட்டியவர்கள் ஆகியோரின் பெயர்கள் நம் பாடத்தில் இல்லை. அவர்கள் வேலை மட்டும் கண்முன் நிற்கிறது என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாக இருந்தது.

ஆசிரியர்களுக்குச் சில யோசனைகள்

• பயணத்துக்கு முன்பே குழு பிரித்து ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு கேள்வி கொடுங்கள்: நீர் எங்கிருந்து வந்தது? வாயில் ஏன் வளைகிறது? உணவு எங்கே இருந்தது?
• கட்டடத்தை வரையச் சொல்லுங்கள். வரையும் கண் கூர்ந்து பார்க்கும்.
• வெயிலுக்கு முன் மலையேறுங்கள். குடிநீர் கையில் இருக்கட்டும்.
• செல்ல இயலாதவர்கள் ஊர் ஏரியின் மதகையோ பழைய கோயில் மதிலையோ இதே கேள்விகளால் அணுகலாம்.

2025-ல் 'மராத்திய இராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ளது செஞ்சி மட்டுமே. அந்தப் பெருமையைச் சொல்லும்போது அங்குள்ள சுவர்களில் கீறப்பட்ட பெயர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. "கிறுக்காதே" என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன், பயன் குறைவு. மறுமுறை சென்றபோது ஒரு மாணவன் சுவரில் கல்லை வைக்கப் போனான். அரிசிக் கேள்வி கேட்ட அதே மாணவி அவன் கையைப் பிடித்து, "இதையும் யாரோ தூக்கிட்டு வந்துதான்டா வெச்சிருக்காங்க" என்றாள்.

அவன் கல்லைக் கீழே போட்டான்.