கால் நடந்தால் கண்ணுக்கு என்ன லாபம்?



"தினமும் நடங்க" என்று டாக்டர் சொன்னதும் உங்களில் பலர் சிரிப்பது எங்களுக்குத் தெரியும். "காடு கழனியிலே உழைக்கிற எங்களுக்கு எதுக்குங்க உடற்பயிற்சி? அதெல்லாம் டவுன்காரங்களுக்கு" என்பீர்கள். நியாயந்தான். ஆனால் உங்கள் ஒரு நாளைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். தோட்டத்துக்குப் போவது மோட்டார் சைக்கிளில். உழுவது டிராக்டர். தண்ணீர் பாய்ச்ச ஒரு சுவிட்சு. வீட்டிலே அம்மா காலை முதல் மாலை வரை குனிந்து பீடி சுற்றுகிறார். கை ஓயவில்லை, வாஸ்தவம்; ஆனால் கால் நடக்கவில்லையே!

"சரி, அதுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?"

கண்ணின் உள்ளே பின்பக்கத்தில் விழித்திரை என்று ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதிலே மயிரிழையைவிட மெல்லிய ரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. சர்க்கரை வியாதி பல வருஷம் கட்டுப்படாமல் இருந்தால் இந்தக் குழாய்கள் பழுதாகிக் கசியும். ரத்தக் கொதிப்பும் சேர்ந்தால் சேதம் இன்னும் அதிகம். இதில் வலி கிடையாது, அதுதான் ஆபத்து. ஆரம்பத்தில் பார்வையும் நன்றாகவே இருக்கும். ஒரு நாள் கண் முன்னே கறுப்புக் கறுப்பாய் மிதக்கும்போதுதான் ஓடி வருகிறார்கள். அப்போது போன பார்வையை முழுதும் மீட்பது கஷ்டம்.

நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துச் செலவழிக்கின்றன. ரத்தக் கொதிப்பும் நாளடைவில் தணிகிறது. கண்ணுக்குக் கிடைக்கிற லாபம் இதுதான். வாரத்தில் 5 நாள், நாளுக்கு 30 நிமிஷம் போதும். பேச முடியணும், பாட முடியக் கூடாது, அந்த வேகம். இரண்டு பேரும் சேர்ந்தே கண்மாய்க் கரைப் பக்கம் நடங்கள். ஊர் நாலு நாள் பேசும், அப்புறம் விட்டுவிடும். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் வெறும் வயிற்றோடு நடக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். மடியில் கொஞ்சம் சர்க்கரை இருக்கட்டும். நடக்கிறோமே என்று மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது.

கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்களுக்கும் நடை நல்லது. அழுத்தம் சற்றுக் குறையும். சொட்டு மருந்தை விடாமல் போட வேண்டும். ஆனால் சிரசாசனம் கூடாது. தலைகீழாக நின்றால் கண்ணின் அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. தம் கட்டி நெல் மூட்டை தூக்கும்போதும் அழுத்தம் ஏறும். கண்புரை ஆபரேஷன் ஆனவர்கள் டாக்டர் சொல்லும் வரை மூட்டையும் தண்ணீர்க் குடமும் தூக்கக் கூடாது.

பீடி சுற்றுகிற அம்மாக்களே, தறியில் உட்காருகிறவர்களே! ஒன்றையே உற்றுப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துவிடுகிறது. அதனால்தான் எரிச்சல். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை நிமிர்ந்து, தூரத்துத் தென்னை மரத்தைப் பார்த்து, நன்றாகச் சிமிட்டுங்கள். நாற்பது வயதிலே ஊசியில் நூல் கோக்க முடியவில்லை என்றால் அது சாளேசரம். கண்ணை உருட்டிப் பழகினால் கண்ணாடியே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பி ஏமாறாதீர்கள். கண்ணாடிதான் அதற்கு வழி.

பிள்ளைகள் விஷயம் வேறே. சீனாவில் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிஷம் கூடுதலாக வெளியே விட்டார்கள். 3 வருஷம் கழித்துப் பார்த்தால், அவர்களில் கிட்டப் பார்வை வந்தது 100க்கு 30 பேருக்கு. மற்றவர்களில் 40 பேருக்கு. 2015இல் வெளியான கணக்கு இது. வெளி வெளிச்சந்தான் காரணம் என்கிறார்கள். ஆகவே பிள்ளை தெருவிலே விளையாடினால் அதட்டி உள்ளே கூப்பிட்டுச் செல்போனைக் கையில் கொடுக்காதீர்கள்.

சர்க்கரை உள்ளவர்கள், பார்வை தெளிவாக இருந்தாலும், வருஷம் ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். சொட்டு மருந்து ஊற்றிக் கண்ணின் பாவையை விரித்துப் பார்ப்பார்கள். சில மணி நேரம் பார்வை மங்கலாக இருக்கும், வண்டி ஓட்ட முடியாது. ஆகையால் அவர் போனால் நீங்களும், நீங்கள் போனால் அவரும் கூடவே போங்கள்.