வானிலிருந்து படம் பிடித்தல்

“தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி” என்பது நம் முன்னோர் வழங்கிய பழமொழி. ஆயின், விமானத்திலிருந்து பிடித்த படங்களை எடுத்து நோக்குவோர்க்குத் தூரத்துப் பச்சை பச்சையாகத் தோன்றுவதில்லை. வெளிறிய நீலமாகவே தோன்றும். இதன் காரணத்தையும், இதனைக் குறைக்கும் வழிகளையும் மாணவர் விளங்குமாறு சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழாசிரியனுக்கு இத்துறையில் என்ன வேலை என்று வினவுவார்க்கு ஒரு சிறு நிகழ்ச்சியைக் கூறுதல் வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்னர் இரத்மலானையிலிருந்து பலாலிக்குச் சிறு விமானமொன்றில் வரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. தீவகத்திற் பிறந்த என் தாயார் அக்காலத்தில் நடமாட இயலாதவராய் வீட்டிலிருந்தார். பண்ணைக் கடலையும் தீவுகளையும் வானிலிருந்து படம் பிடித்து அவருக்குக் காட்ட விரும்பினேன். நண்பகல் வேளையில், கமராவைச் சாளரத்தில் அழுத்திப் பிடித்து நாற்பது படங்கள் எடுத்தேன். தாயார் அவற்றை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, எல்லாம் புகையாய்க் கிடக்கு. இதிலே எங்கடை ஊர் எங்கை?” என்றார். அவ்வினாவே என்னை இது பற்றிப் படிக்கத் தூண்டியது.

முதலில் நிறத்தை எடுத்துக்கொள்வோம். நமக்கும் நிலத்துக்கும் இடையே இருப்பது வெறுவெளியன்று, காற்று. காற்றின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்கின்றன. குறுகிய அலைநீளமுடைய ஒளியே மிகுதியாகச் சிதறும் என்பதைப் பின்னாளில் றேலி பிரபு எனப்பட்ட ஆங்கில அறிஞர் 1871 ஆம் ஆண்டில் விளக்கினார். அவர் கண்ட விதிப்படி 400 நானோமீற்றர் அலைநீளமுடைய ஊதாவொளி, 700 நானோமீற்றர் அலைநீளமுடைய செவ்வொளியிலும் ஏறக்குறைய 9 மடங்கு சிதறும். வானம் நீலமாயிருப்பதும் தொலைமலை நீலமாயிருப்பதும் இதனாலேயே. நிலத்திலிருந்து வரும் நிறத்தின்மேல் இந்நீலவொளி ஒரு மெல்லிய திரைபோற் படிகின்றது. தூசியும் ஈரப்பதனும் எல்லா நிறங்களையும் சிதறச் செய்து அத்திரையை மேலும் வெளிறச் செய்கின்றன.

எனவே, திரையின் தடிப்பைக் குறைத்தலே முதல் வழி. விமானம் எழுந்த சில நிமிடங்களிலும், இறங்குவதற்கு முந்திய சில நிமிடங்களிலும் படம் பிடித்தல் வேண்டும். அடிவானத்தை நோக்கிச் சாய்வாகப் பிடிப்பதிலும் கீழ்நோக்கிப் பிடித்தல் நன்று. ஒளி கடக்கும் காற்றின் அளவு அதனாற் குறையும். மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலை மிகவும் உகந்தது. காலை, மாலை வெயிலிற் பனைகளும் வேலிகளும் நிழல் வீழ்த்தும். அந்நிழலே நிலத்தின் மேடுபள்ளத்தைக் காட்டும். நண்பகலில் நிழல் ஒடுங்குதலால் நிலம் தட்டையாகத் தோன்றும். ஞாயிற்றுக்கு எதிர்ப்புறத்து இருக்கையைத் தெரிந்துகொள்ளுதலும் நன்று.

அடுத்தது தெளிவு. விமானம் மணிக்கு 250 கிலோமீற்றர் செல்லுமாயின் ஒரு செக்கனில் ஏறக்குறைய 70 மீற்றர் கடக்கும். ஷட்டர் 1/60 செக்கன் திறந்திருப்பின் அதற்குள் விமானம் ஒரு மீற்றருக்கு மேல் நகர்ந்துவிடும். 1/1000 செக்கனாயின் 7 சென்ரிமீற்றரே நகரும். ஆதலால் தாழப் பறக்கையில் 1/1000 செக்கன் கொள்ளத்தக்கது. உயரப் பறக்கையில் பொருள்கள் வெகு தொலைவிலிருப்பதால் இந்நகர்ச்சி புலப்படாது. ஆங்கே படத்தைக் கெடுப்பது பொறியின் அதிர்வேயாம். கமராவையோ முழங்கையையோ விமானச் சுவரிற் சாய்த்தால் அவ்வதிர்வு படத்திற் புகும். நான் செய்த பெரும் பிழை இதுவே. கைகளை உடலோடு அணைத்து, வில்லையைச் சாளரத்துக்கு மிக அண்மையில், ஆனால் தொடாமற் பிடித்தல் வேண்டும்.

சாளரமும் தனியொரு தடையாகும். அதன் கீறல்களிற் கமரா குவியாதவாறு, குவியத்தைத் தொலைவுக்கு நிறுத்திவிடுக. துவாரத்தை எஃப் 5.6 அளவில் வைக்கலாம். மிக ஒடுக்கினால் கீறலும் தூசியும் படத்தில் தோன்றும். சாளரத்தைச் சரிவாக நோக்காது நேராக நோக்குக. வில்லையைச் சூழக் கறுப்புத் துணி பிடித்தால் உள்வெளிச்சம் கண்ணாடியிற் பட்டுத் தெறிப்பது நீங்கும். முனைவாக்கி வடிகட்டியைச் சாளரத்தினூடாகப் பயன்படுத்தலாகாது. அச்சாளரம் ஒருவகைப் பிளாஸ்ரிக்காற் செய்யப்பட்டதாதலின் வானவில் போன்ற கோடுகள் தோன்றும். பொறியின் வெப்பக்காற்றினூடாகப் பிடிக்கும் படமும் கானல்போற் கலங்கும்.

எஞ்சிய நீலத்தைப் பின்னர்க் கணினியிற் குறைக்கலாம். அதற்குப் படத்தை ‘றோ’ எனப்படும் மூலக் கோப்பாகச் சேமித்தல் நலம். ஆயினும், இல்லாத நிறத்தைப் பூசுதல் தகாது. கலங்கிய கடலை மரகதமாக்கினால் அது கண்ணுக்கு விருந்தாகலாம், ஊருக்குச் சான்றாகாது.

1858 ஆம் ஆண்டிற் பாரிசு நகருக்கு அண்மையில் நதார் என்பவர் பலூனில் ஏறிப் படம் பிடிக்க முயன்றார். தகடுகள் மீண்டும் மீண்டும் கறுத்தன. பலூனிலிருந்து கசிந்த வாயுவே காரணமென அறிந்து அதனை அடைத்த பின்னரே மங்கலாயினும் ஒரு படம் கிட்டியது. அவர் கருவியை நோகவில்லை, காரணத்தைத் தேடினார். மாணவர் கொள்ளவேண்டிய பாடம் இதுவே.

மறு ஆண்டு, மழைவிட்ட ஒரு காலைப் பொழுதில் அதே வழியாக மீண்டும் வந்தேன். இம்முறை ஆறு படங்களே எடுத்தேன். தாயார் பண்ணைத் தாம்போதியில் விரலை வைத்து, அதன் வழியே மெல்ல நகர்த்திச் சென்று ஓரிடத்தில் நிறுத்தினார். “இதிலேதான் நாங்கள் இருந்தது” என்றார். பின்னர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை.

இவ்விழாவுக்குக் கடல் கடந்து விமானமேறி வரும் பழைய மாணவர் பலராவர். தடையில்லாவிடத்து, இறங்குமுன் ஒரு படம் பிடியுங்கள். வீட்டிலிருந்து அதனைக் காணக் காத்திருக்கும் முதியோர் இருக்கின்றனர்.