கோழிக் குஞ்சுகளின் தீனிப்பைக் கோளாறுகள்

குஞ்சு பொரிப்பகத்திலிருந்து ஐம்பது குஞ்சுகளை வாங்கி வந்த ஒருவர், மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அவற்றுள் சில சோர்ந்து, கண்மூடி, ஒவ்வொன்றாக இறப்பதைக் காண்கிறார். ஏதோ நோய் புகுந்துவிட்டது என்று கருதிக் கடையில் கிடைக்கும் மருந்தை வாங்கித் தண்ணீரில் கலக்கிறார். ஆயினும் இறப்பு நிற்பதில்லை. இத்தகைய நிலையில் இறந்த குஞ்சை அறுத்துப் பார்த்தால், பல வேளைகளில் அதன் தீனிப்பையில் ஒரு மணித் தீவனமும் இராது. குஞ்சு இறந்தது பசியாலேயாம்.

தீனிப்பையை விரலால் தொட்டு அறியும் பழக்கம் இருந்திருப்பின், இக்குறையை முதல் நாளிலேயே கண்டு பெரும்பாலான குஞ்சுகளைக் காத்திருக்கலாம். இச்சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. களப் பணியாளர் ஒவ்வொருவரும் இதைக் கற்றுப் பிறருக்கும் கற்பித்தல் வேண்டும்.

தீனிப்பையின் அமைப்பும் தொழிலும்

கோழிக்குப் பற்கள் இல்லை. அது விழுங்கும் இரை உணவுக் குழாய் வழியாக இறங்கிக் கழுத்தின் அடியில், சற்று வலப்புறமாக உள்ள தீனிப்பையில் தங்குகிறது. அங்கு இரை நீரில் ஊறி மென்மையடைகிறது. பின்னர் அது சிறிது சிறிதாகச் சுரப்பு இரைப்பைக்குச் சென்று செரிமான நீருடன் கலந்து, அரைவைப்பையில் அரைபடுகிறது. நலமுள்ள தீனிப்பையில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் வாழ்ந்து மெல்லிய புளிப்பை உண்டாக்குகின்றன. தீமை செய்யும் கிருமிகள் பெருகாமல் தடுப்பது இப்புளிப்பே.

பொரித்த குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருவின் எச்சம் சிறிது இருக்கும். இதனால் இரண்டு மூன்று நாள் இரையின்றியும் குஞ்சு உயிர் வாழும். குஞ்சுகளைத் தொலைதூரம் அனுப்ப முடிவதும் இதனால்தான். ஆனால் இச்சேமிப்பை நம்பித் தீனி இடுவதைத் தாமதித்தல் கூடாது. விரைவில் இரை உண்ட குஞ்சிலேயே மஞ்சட்கருவும் விரைவில் உட்கொள்ளப்படுகிறது. இரை உண்ணக் கற்காத குஞ்சு, சேமிப்புத் தீர்ந்ததும் மடிகிறது. மூன்றாம் நாளுக்குப் பின் இறப்பு மிகுவதன் காரணம் இதுவே.

சோதிக்கும் முறை

குஞ்சை இடக்கையில் மெதுவாக ஏந்தி, வலக்கையின் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் தீனிப்பையை மிக இலேசாகத் தொட வேண்டும், அழுத்தலாகாது. விரல் உணர்த்தும் நிலைகள் நான்கு:

1. உருண்டையாகவும், குழைந்த கூழ்போல் மென்மையாகவும் இருந்தால், குஞ்சு தீனியும் நீரும் உண்டிருக்கிறது. இதுவே நலம்.

2. கெட்டியாக, தூளின் சொரசொரப்பு விரலில் தெரியுமாறு இருந்தால், தீனி கிடைத்தது, நீர் கிடைக்கவில்லை.

3. நீர் நிறைந்த பைபோல் தளதளவென்று இருந்தால், நீர் மட்டும் கிடைத்தது, தீனி கிடைக்கவில்லை.

4. ஒன்றும் தட்டுப்படாவிட்டால், குஞ்சு இரண்டையும் கண்டுபிடிக்கவில்லை.

குஞ்சுகளை விட்ட எட்டு மணி நேரத்தில் ஒரு முறையும், இருபத்து நான்கு மணி நேரத்தில் மறு முறையும் சோதித்தல் நலம். ஒரே மூலையில் உள்ளவற்றைப் பிடிக்காமல், கொட்டிலின் பல பகுதிகளிலிருந்தும் 20 குஞ்சுகளை எடுக்க வேண்டும். முதற் சோதனையில் 16 குஞ்சுகளுக்கும், மறு சோதனையில் 19 குஞ்சுகளுக்கும் தீனிப்பை நிறைந்திருத்தல் வேண்டும். இதற்குக் குறைந்தால் வளர்ப்பு முறையில் எங்கோ தவறு இருக்கிறது என்று கொள்க.

தவறு இருக்கும் இடம்

முதலில் நோக்கத்தக்கது வெப்பம். முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு உயரத்தில் 35 டிகிரி செண்டிகிரேடு அளவு வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்திற்கு ஏறத்தாழ 3 டிகிரி வீதம் குறைத்து வரலாம். வட இந்தியாவின் டிசம்பர், ஜனவரி மாதக் குளிரில் குஞ்சுகள் விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கிடக்கும். இரண்டடி தொலைவில் தீனி இருந்தும் அங்குச் செல்லா. அப்போது தீனிப்பை வெறுமையாகும். தக்காணத்தின் மே மாத வெயிலிலோ அவை விளக்கை விட்டு விலகி, சிறகை விரித்து மூச்சிரைக்கும். தீனியை வெறுத்து நீரையே நாடும். நீர்த் தட்டும் வெயிலில் காய்ந்து சூடேறினால் நீரும் அருந்தா. ஆகவே ஒரே கோளாறு இரு பருவங்களில் இரு காரணங்களால் நேரிடுகிறது.

அடுத்து, தீனியும் நீரும் எளிதில் கண்ணில் படுதல் வேண்டும். வந்து சேர்ந்த குஞ்சுகளுக்கு முதலில் நீர் காட்ட வேண்டும். சில குஞ்சுகளின் அலகை நீரில் மெல்லத் தொட்டு எடுத்தால் மற்றவை பார்த்துப் பழகும். முதல் இரண்டு மூன்று நாள் கூளத்தின்மீது சொரசொரப்பான தாளை விரித்து, அதன்மேல் தீவனத்தைத் தூவ வேண்டும். வழுவழுப்பான தாளில் கால்கள் சறுக்கி ஊனமுறும். தீனித் தொட்டிக்கு மாறியபின், குஞ்சு ஒன்றுக்கு இரண்டரை செண்டிமீட்டர் இடம் முதல் இரு வாரங்களுக்குப் போதுமானது.

அடைப்பு

பசித்த குஞ்சு தீனிக்கும் கூளத்திற்கும் வேற்றுமை அறியாது. உமி, மரத்தூள், நீண்ட புல், நார், நூல் முதலியவற்றை விழுங்கினால் அவை தீனிப்பையில் திரண்டு வழியை அடைக்கும். தாளை விரிப்பதன் இரண்டாவது பயன் இதைத் தடுப்பதேயாகும். கீரையைப் பொடியாக நறுக்கியே இட வேண்டும். தூள் தீவனம் மட்டும் உண்ணும் குஞ்சுக்குக் கல் வேண்டுவதில்லை. தானியமோ கீரையோ கொடுப்பின் சிறிது பருமணலும் வைத்தல் வேண்டும்.

இரவு முழுதும் இருளில் உறங்கும் சற்று வளர்ந்த குஞ்சுகளில், காலையில் தீனி வைப்பதற்கு முன் சோதித்தால் அடைப்பு எளிதில் தெரியும். நலமுள்ள பை இரவில் காலியாகியிருக்கும். அடைபட்ட பை கட்டியாக நிற்கும். அக்குஞ்சைத் தனியே கதகதப்பாக வைத்து, தீனியை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரையும் ஓரிரு துளி சமையல் எண்ணெயையும் அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு, அது தானே விழுங்கும்படி செய்ய வேண்டும். பின் தீனிப்பையை விரல் நுனியால் மெதுவாகப் பிசைந்து விடலாம். குஞ்சைத் தலைகீழாகப் பிடித்துக் கக்கச் செய்வது பெருந்தவறு. நீர் மூச்சுக் குழாயில் புகுந்து உடனே கொன்றுவிடும். ஒரு நாளில் அடைப்பு நீங்காவிடின் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புளித்த தீனிப்பை

தீனிப்பை தளர்ந்து நீர் கோத்து, அலகிலிருந்து புளித்த நாற்றம் வீசினால், கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைக் காளான் பெருகியிருத்தல் கூடும். இறந்த குஞ்சின் தீனிப்பையை அறுத்துப் பார்த்தால், உட்சுவரில் துவாலைத் துணியைப் போன்ற தடித்த வெண்படலம் காணப்படும். அழுக்கேறிய நீர்த் தட்டு, பூஞ்சை பிடித்த தீவனம், ஈரக் கூளம் ஆகியவை இதற்கு இடந்தருவன. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை நெடுநாள் கொடுப்பதும் ஒரு முக்கிய காரணம். அவை நன்மை செய்யும் நுண்ணுயிர்களை அழித்துக் காளானுக்கு வழி விடுகின்றன. பசியால் வாடும் குஞ்சுக்கு நோய் என்று எண்ணி மருந்து கலப்பவர், இவ்வாறு இல்லாத நோயைத் தாமே வரவழைக்கிறார்.

பயணக் களைப்புத் தீர முதலில் கொடுக்கும் வெல்ல நீரையும் சில மணி நேரத்தில் அகற்றித் தட்டைக் கழுவ வேண்டும்; விட்டு வைத்தால் அது நொதித்துக் காளானை வளர்க்கும். சிகிச்சைக்குக் காளான்கொல்லி மருந்துகள் உண்டு. மயில்துத்தமும் வழங்கி வருகிறது. ஆயின் அளவு மிகுந்தால் அது நஞ்சாகும். மருத்துவர் அளந்து கூறினாலன்றி எதையும் கலத்தல் ஆகாது.

ஓர் எச்சரிக்கை

தீனிப்பை வீங்கியிருப்பதெல்லாம் தீனிப்பையின் நோயன்று. 1927ஆம் ஆண்டில் குமாவுன் மலைப் பகுதியில் கண்டறியப்பட்டு அவ்வூர்ப் பெயரையே பெற்ற ராணிக்கெட் நோயிலும் இரை இறங்காமல் தீனிப்பையில் நீர் தேங்குவதுண்டு. மூச்சுத் திணறல், பசுமையான கழிச்சல், கழுத்து முறுக்கு ஆகியவற்றுடன் பல குஞ்சுகள் ஒருசேர இறந்தால் உடனே கால்நடை மருத்துவ நிலையத்திற்குத் தெரிவிக்க வேண்டும்.

வகுப்பில் கற்பிக்கும் வழி

ஆசிரியர் மூன்று சிறு பலூன்களை எடுத்து, ஒன்றில் உலர்ந்த தீவனத் தூளும், ஒன்றில் நீரும், ஒன்றில் நீரில் ஊறிய தீவனமும் இட்டுக் கட்ட வேண்டும். மாணவர் கண்ணை மூடித் தொட்டு, எது எதுவெனக் கூறட்டும். விரல் பழகிய பின்னரே உயிருள்ள குஞ்சைக் கையில் கொடுக்கலாம். இறைச்சிக் கடையிலிருந்து சிதையாத தீனிப்பையும் அரைவைப்பையும் பெற்றுவந்து காட்டினால் இரை செல்லும் வழி மனத்தில் பதியும்.

முடிவாக நினைவிற் கொள்ள வேண்டுவது ஒன்றே. ஒரு குஞ்சில் மட்டும் கோளாறு கண்டால் அக்குஞ்சைக் கவனிக்க வேண்டும். பல குஞ்சுகளில் கண்டால் முதலில் விளக்கையும், நீர்த் தட்டையும், தீனித் தாளையும் கவனிக்க வேண்டும். மருந்துப் புட்டியைத் தேடுவது அதன் பிறகே.