மெத்தென்ற பனியில் ஒருவர் பின் ஒருவராக

தம்பி தங்கைகளே, இந்த மாதப் பாடத்திற்கு நம்ம ஊர்ல பார்க்கவே முடியாத ஒன்றை எடுத்திருக்கிறேன்: பனி. கனடாவின் வடக்குக் காடுகளில் வாழும் கிரீ, இன்னு மக்கள் அதன்மேல் நடந்த விதத்தைப் பார்ப்போம்.

புதிதாகக் கொட்டிய பனி பஞ்சு மாதிரி. உள்ளே பெரும்பகுதி காற்றுதான். வெறும் பூட்ஸோடு மிதித்தால் முழங்கால் வரை, சில இடத்தில் தொடை வரை புதையும். ஒவ்வொரு அடிக்கும் காலைப் பிடுங்கி எடுக்கணும். உடம்பு வியர்த்துவிடும். களைத்துப்போய் நின்றால், நனைந்த துணி உடல் சூட்டை உறிஞ்சிவிடும். அந்தக் குளிரில் அது உயிருக்கே ஆபத்து.

இதற்கு அவர்கள் கண்ட வழிதான் ஸ்னோஷூ. மரத்தை வளைத்து நீளமான சட்டம் செய்வார்கள். மூஸ் அல்லது கரிபூ மானின் பதனிடாத தோலை வார் வாராக அறுத்து, சட்டத்தின் நடுவே வலை மாதிரிப் பின்னுவார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 60 கிலோ எடையுள்ளவர் நடக்கும்போது முழு எடையும் ஒரு காலில் இறங்குகிறது. பூட்ஸின் அடிப்பரப்பு சுமார் 250 சதுர சென்டிமீட்டர் என்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 240 கிராம் அழுத்தும். ஸ்னோஷூவின் பரப்பு 1,400 என்றால் அது சுமார் 43 கிராம்தான். எடை குறையவில்லை, பரவியிருக்கிறது. சேற்றில் பலகை போட்டு நடக்கிறோமே, அதே சங்கதி. கொஞ்சம் புதையத்தான் செய்யும், ஆனால் நடக்க முடியும்.

கட்டும் முறையிலும் யோசனை இருக்கிறது. கால்விரல் பக்கம் மட்டும் கட்டுவார்கள். குதிகால் சும்மா இருக்கும். குதிகால் எழும்பும்போது சட்டத்தின் வால் பனியிலேயே இழுபடும். சட்டம் முழுவதையும் தூக்க வேண்டியதில்லை. வலையின் ஓட்டை வழியே பனியும் உதிர்ந்துவிடும்.

ஆனாலும் ஸ்னோஷூ மட்டும் போதாது. வரிசையில் முதலில் போகிறவர்தான் பனியை மிதித்து இறுக்குகிறார். பின்னால் வருகிறவர்களுக்கு அந்தத் தடம் சுலபம். அவருக்கோ சீக்கிரம் மூச்சு வாங்கும். அதனால் கொஞ்ச தூரத்தில் அவர் ஒதுங்கி நிற்பார். இரண்டாமவர் முன்னே போவார். ஒதுங்கியவர் வரிசையின் கடைசியில் சேர்ந்துகொள்வார். பலசாலி ஒருவரையே நாள் முழுக்க முன்னால் விட்டால், அவர் விழும்போது கூட்டமே நின்றுவிடும்.

கலந்துரையாட:
1. முதுகில் 15 கிலோ பை இருந்தால் அழுத்தம் எவ்வளவு?
2. உங்கள் குழுவில் எப்போதும் முன்னால் நடப்பவர் யார்? அவர் இடத்தை யார், எப்போது வாங்கிக்கொள்ளப் போறீங்க?